பூட்டு வளையமும் ஈய விலையும்

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் தமிழர் வாழ்ந்த லயத்து வீடுகளில், சாமி படத்துக்கு அடுத்தபடியாகச் சுவரில் இடம்பெற்றது குடும்பத்துப் புகைப்படமே. மணமக்கள் மாலையுடன் நிற்கும் படம், கப்பலேறி ஊருக்குத் திரும்பிய பாட்டனின் படம், ஆறாம் வகுப்பு மாணவர்கள் ஆசிரியரோடு வரிசையாய் அமர்ந்த படம் என அவை வீட்டுக்கு வீடு ஒத்திருந்தன. படத்தில் இருப்பவர் யார் என்று நாம் கேட்போம். எடுத்தவர் யார் என்றும் சிலபோது கேட்போம். எந்தக் காமிராவால் எடுக்கப்பட்டது என்று மட்டும் கேட்பதில்லை. வரலாறு பயில்வோர் கேட்க வேண்டிய கேள்வி அது என்பது என் கருத்து. ஈப்போவில் தொழில் நடத்திய ஒருவர் செர்மானியக் காமிராவை விட்டு ஜப்பானியக் காமிராவுக்கு மாறியதையும், பின்னர் ஒரு ஜப்பானிய நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்கு மாற நேர்ந்ததையும் வெறும் விருப்பு வெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. போரின் நினைவும், துறைமுகத்துச் சுங்கமும், இலண்டனில் நிர்ணயிக்கப்பட்ட ஈய விலையும், தோக்கியோவில் வரையப்பட்ட ஓர் உலோக வளையத்தின் அளவும் சேர்ந்து அம்முடிவுகளை உருவாக்கின.

தொடக்க காலத்தில் இப்படியொரு சிக்கல் இருக்கவில்லை. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் 1862இல் பினாங்கில் படமெடுத்தார். சிங்கப்பூரில் நிலைகொண்ட லாம்பெர்ட் நிறுவனம் 1867 முதல் தீபகற்பத்துக் காட்சிகளைப் படமாக்கி விற்றது. 1883இல் தைப்பிங்கில் தொடங்கப்பெற்ற பேராக் அருங்காட்சியகத்தின் காப்பாளர் லியனார்ட் ரே, இம்மாநிலத்தைக் கண்ணாடித் தகடுகளில் பதிவு செய்தோருள் ஒருவர். அவர்கள் கையாண்ட பெட்டிக் காமிராவின் முகப்பு ஒரு மரப்பலகை. அதில் வேண்டிய அளவுக்குத் துளையிட்டால் எந்த நாட்டு வில்லையையும் பொருத்திக்கொள்ளலாம். வில்லை ஒரு வீட்டுப் பிள்ளை, பெட்டி இன்னொரு வீட்டுப் பிள்ளை என்ற பேதம் அன்று எழவில்லை.

அந்தப் பேதம் செர்மனியில் பிறந்தது. லைட்ஸ் நிறுவனத்துப் பொறியாளர் ஆஸ்கார் பார்னாக் வடிவமைத்த லைக்கா, 1925இல் லைப்சிக் வணிகக் கண்காட்சியில் அறிமுகமானது. 35 மி.மீ. திரைப்படச் சுருளைப் பயன்படுத்திய அச்சிறு கருவிக்குப் போட்டியாக ஜெய்ஸ் ஐகான் நிறுவனம் 1932இல் கான்டாக்ஸைக் கொணர்ந்தது. லைக்காவின் வில்லை திருகிப் பூட்டுவது. கான்டாக்ஸின் வில்லை துப்பாக்கி முனையில் கத்தியைப் பொருத்துவதுபோல் செருகிச் சிறிது திருப்பிப் பூட்டுவது. ஒன்றின் வில்லை மற்றதில் பொருந்தாது. வில்லையையும் காமிராவையும் இணைக்கும் இவ்வுலோக வளையத்தைத் தொழிலில் உள்ளோர் மவுண்ட் என்பர். நாம் இங்குப் பூட்டு வளையம் என்றே குறிப்போம். காமிரா தேய்ந்து போகும்; வில்லை இருபது முப்பது ஆண்டுகள் உழைக்கும். ஆகவே நான்கு வில்லைகளை வாங்கிவிட்டவர் காமிராவுக்கு உரிமையாளராயினும் வளையத்துக்கு அடிமை.

ஜப்பானியர் இத்தொழிலில் புகுந்த கதை சுவையானது. 1934இல் தோக்கியோவில் சிறியதோர் ஆய்வுக்கூடம் லைக்காவுக்கு இணையான கருவியொன்றைச் செய்ய முயன்று, அதற்குக் குவானன் என்று பெயரிட்டது. ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுக் குகைக் கோயில்களில் சீனப் பெருமக்கள் வழிபடும் கருணைத் தெய்வம் குவான் யின் அன்றோ? அத்தெய்வத்தின் ஜப்பானியப் பெயரே குவானன். அதன் வில்லைக்கு அவர்கள் இட்ட பெயர் காசியபர். புத்தரின் மாணாக்கராகிய மகாகாசியபரே அவர். நம் புராணங்களுக்கும் பழக்கமான அப்பெயர் காமிரா வில்லையொன்றில் ஏறியது தமிழ் மாணவர் அறியத்தக்கது. குவானன் என்பதே பின்னர் கேனன் ஆயிற்று. 1936இல் சந்தைக்கு வந்த அந்நிறுவனத்தின் முதற் காமிராவுக்கு வில்லையையும், அதைத் தாங்கும் வளையத்தையும் செய்து கொடுத்தது எந்நிறுவனம் தெரியுமா? நிப்பான் கோகாக்கு. பின்னாளில் நிக்கான் என்ற பெயரால் உலகறிந்து, கேனனுக்குத் தலையாய எதிரியாக நின்ற அதே நிறுவனந்தான்! 1917இல் தோன்றிய நிப்பான் கோகாக்கு அக்காலத்தில் காமிராவே செய்யவில்லை. ஜப்பானியப் படைக்குத் தொலைநோக்கிகளையும் பீரங்கிகளுக்கான தூரமானிகளையும் செய்து கொண்டிருந்தது.

இதை நாம் எளிதில் கடந்து செல்லல் ஆகாது. போருக்கு முன் மலாயா நகரங்கள் பலவற்றில் ஜப்பானியர் புகைப்படக் கூடங்கள் நடத்தி வந்தனர். அவர்களுள் சிலர் உளவு பார்த்தனர் என்ற பேச்சும் போர் வந்தபின் எங்கும் பரவியது. 1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் வசமாயிற்று. அதன்பின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதவர் தொகை பெரிது. அவ்விழப்பைச் சுமந்த தலைமுறைக்கு ஜப்பான் சாமான் என்ற சொல்லே இருமடங்கு கசந்தது. ஒன்று, அது மலிவானது, உழைக்காதது என்ற பழைய எண்ணம். மற்றொன்று, வெளியே சொல்லப்படாத துயரம். செர்மானியக் காமிராவே காமிரா என்று அக்காலத்தார் அடித்துப் பேசியதில் தொழில்நுட்ப அறிவு பாதி, மனக்காயம் மறுபாதி.

ஆயினும் காமிராவின் தேவை மட்டும் மலாயாவில் திடீரெனப் பெருகியது. 1948 சூன் 16ஆம் நாள் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அவ்வாண்டே பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உடையோர் அனைவரும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் பதித்த அடையாள அட்டை பெற வேண்டுமென்ற சட்டம் வந்தது. அதற்கு முன் வாழ்நாளில் ஒரு படமேனும் எடுத்திராத பால்மரத் தொழிலாளர் எத்தனையோ பேர் காமிராவின் எதிரே முதன்முறையாக நின்றது அப்போதுதான். மாலையும் பட்டுவேட்டியும் அணிந்து நின்றதன்று. அரசு கேட்டதனால் நின்றது. நம் குடும்பங்களில் மூத்தோரின் படம் ஒன்றே ஒன்று இருக்குமாயின், பெரும்பாலும் அது இந்த அட்டைப் படத்தைப் பெரிதாக்கியதாகவே இருக்கும்.

இக்காலத்துக் கூடங்களிலும் திருமண வீடுகளிலும் மதிப்புப் பெற்றிருந்தது ரோலைஃபிளெக்ஸ். 1929இல் செர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பிறந்த இரட்டைக்கண் காமிரா அது. மேற்கண்ணால் பார்ப்பதும் கீழ்க்கண்ணால் பதிவதும் அதன் முறை. 120 எனப்படும் அகலச் சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள் விழும். படமெடுப்பவர் அதை மார்பளவில் வைத்துக் குனிந்து பார்ப்பார். எடுக்கப்படுபவருக்கு அது தம்மை வணங்குவது போலத் தோன்றும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஜப்பானியர் இதே அமைப்பில் விலை குறைந்த கருவிகளைச் செய்தனர். 1957இல் வந்த யாஷிக்கா மேட் அவற்றுள் பெயர் பெற்றது. பினாங்கு 1969 வரை சுங்கமற்ற துறைமுகமாக விளங்கியதால், வடக்கே சில மணி நேரம் பயணம் செய்யக்கூடிய ஈப்போக்காரருக்கு விலைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பும் இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரோலைஃபிளெக்ஸிலிருந்து யாஷிக்காவுக்கு மாறுவதில் மனத்தடை இருந்ததே தவிரப் பொருட்தடை குறைவு. இரண்டிலும் வில்லை கழற்றப்படாதது. இரண்டும் ஒரே 120 சுருளைத்தான் உண்டன. பழையதை விற்றார், புதியதை வாங்கினார், கணக்கு முடிந்தது. ஜப்பானியக் காமிரா நம் வீடுகளுக்குள் நுழைந்த வழி இதுவே. போரை மறந்ததனால் அன்று. விலை தாங்கக்கூடியதாக இருந்ததனாலும், எடுத்த படம் குறை சொல்லும்படி இல்லாததனாலும். 1969ஆம் ஆண்டுக்குப் பின் குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டுமென்ற விதியால் பல்லாயிரம் தோட்டத் தமிழர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். பிரியும் முன் எடுத்த குடும்பப் படங்களும், கடவுச்சீட்டுப் படங்களும் அவ்வாண்டுகளில் குவிந்தன. அவற்றை எடுத்த கருவி செர்மானியமா ஜப்பானியமா என்று வருந்த அன்று யாருக்கும் நேரமில்லை.

வெளியுலகிலும் மனமாற்றம் நிகழ்ந்தது. 1950இல் லைஃப் இதழின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் தோக்கியோவில் நிக்கோர் வில்லையால் எடுக்கப்பட்ட தம் படத்தைக் கண்டு வியந்து, அவ்வில்லைகளைத் தம் லைக்காவிலேயே பூட்டிக்கொண்டு கொரியப் போருக்குச் சென்றார். அவர் படங்களின் கூர்மையை நியூயார்க்கில் இருந்தோர் கண்டுகொண்டனர். காமிராவை மாற்றாமல் வில்லையை மட்டும் மாற்ற அவரால் முடிந்தது எதனால்? லைக்காவின் திருகு வளையத்துக்குப் பொருந்துமாறு ஜப்பானியர் வில்லை செய்திருந்தனர் என்பதனால்தான். வளையம் பொதுவாக இருந்த இடத்தில் உலகம் எளிதாக மாறிற்று.

இதற்குப் பின் செர்மானியரின் வீழ்ச்சி விரைவாக வந்தது. ஜெய்ஸ் ஐகான் 1970களின் தொடக்கத்தில் காமிரா செய்வதை நிறுத்தியது. லைட்ஸ் நிறுவனம் 1972இல் மினோல்டாவோடு உடன்பாடு செய்துகொண்டது. அடுத்த ஆண்டு வெளிவந்த லைக்கா சிஎல் ஜப்பானில் செய்யப்பட்டது. ரோலை நிறுவனம் கூலி குறைந்த இடம் தேடி நமக்கு அண்டையிலுள்ள சிங்கப்பூருக்கே வந்து ஆலை கட்டியது. சட்டைப்பையில் அடங்கும் ரோலை 35 அங்கு உருவாயிற்று. செர்மானியப் பொருள் என்று நெஞ்சு நிமிர்த்தி வாங்கியவர் அதைத் திருப்பிப் பார்த்தபோது சிங்கப்பூரில் செய்யப்பட்டது என்ற எழுத்தைக் கண்டிருப்பார். 1981இல் ரோலை நொடித்துப்போக, சிங்கப்பூர் ஆலையும் மூடப்பட்டது.

இனிப் போட்டி ஜப்பானியருக்குள்ளேயே. ஒற்றை வில்லையாலேயே பார்த்துப் பதிவு செய்யும் கண்ணாடிக் காமிராக்கள் அரங்கேறின. பென்டாக்ஸ் 1957 முதல் 42 மி.மீ. திருகு வளையத்தைக் கையாண்டது. கிழக்குச் செர்மனியின் பிராக்டிகாவும் அதே வளையத்தைக் கொண்டிருந்ததால், அரசியல் திரைகளைத் தாண்டி ஒருவர் வில்லை மற்றவர் காமிராவில் ஏறியது. அஃது ஒரு பொதுச்சந்தை. ஆனால் பெருநிறுவனங்கள் அதை விரும்பவில்லை. 1959இல் நிக்கான் எஃப் தனக்கென ஒரு வளையத்தோடு வந்தது. அதே ஆண்டு கேனனும் தனக்கென ஒன்றைக் கொண்டுவந்தது. இவ்விரண்டின் பின்வரலாறும் வேறுவேறு. நிக்கான் தன் வளையத்தைக் கைவிடவில்லை. 1977இல் ஒளிமானிக்காகச் சிறு திருத்தம் செய்தபோதும், பழைய வில்லையைத் திருத்திக் கொடுத்துப் புதிய காமிராவில் ஏற வழிசெய்தது. கேனனோ 1964இலும் 1971இலும் வளையத்தைத் திருத்தித் திருத்தி எஃப்டி என்ற நிலைக்கு வந்தது. 1976இல் வெளிவந்த ஏஇ-1, நுண்செயலி பொருத்திய முதற் காமிரா என்ற புகழோடு பல இலட்சக்கணக்கில் விற்றது. எஃப்டி வில்லைகளும் அதனோடு உலகெங்கும் பரவின.

1985 பெப்ரவரியில் மினோல்டா 7000 வெளிவந்தது. தானாகக் குவியம் கொள்ளும் அமைப்பைக் காமிராவின் உடலுக்குள்ளேயே வைத்த அக்கருவி, மற்ற நிறுவனங்களைத் திடுக்கிட வைத்தது. அதற்கு விலையாகத் தன் பழைய வளையத்தை மினோல்டா கைவிட்டது. நிக்கான் மறு ஆண்டிலேயே தன் பழைய வளையத்துக்குள் இயந்திரச் சுழல்தண்டு ஒன்றைப் புகுத்தித் தானியங்கிக் குவியத்தைத் தந்தது. கேனன் இரண்டாண்டு சிந்தித்தது. 1986இல் எஃப்டி வளையத்தோடு டி90 என்னும் உயர்ந்த காமிராவை வெளியிட்டது, வாங்கியவர் மகிழ்ந்தனர். 1987 மார்ச்சில் ஈஓஎஸ் 650ஐ வெளியிட்டு, எஃப்டி வளையத்தைக் கைவிட்டது. புதிய வளையத்தில் நெம்புகோல் இல்லை, தண்டு இல்லை, மின்தொடர்பு மட்டுமே. வில்லைக்குள்ளேயே மோட்டார் இருந்தது.

பழைய வில்லையைப் புதிய காமிராவில் பூட்ட ஓர் இடைவளையம் செய்யலாகாதா என்று மாணவர் கேட்கக்கூடும். எஃப்டி வில்லை தனக்குப் பின்னே 42 மி.மீ. தொலைவில் படச்சுருள் இருக்கும் என்று கருதிச் செய்யப்பட்டது. ஈஓஎஸ் காமிராவில் அத்தொலைவு 44 மி.மீ. இரண்டு மில்லிமீட்டர் கூடிப்போயிற்று; இடைவளையத்தின் கனமும் அதனோடு சேரும். அருகிலுள்ள பூவைப் படமெடுக்கலாம். தொலைவிலுள்ள மலை கூர்மை பெறாது. இடையே ஒரு கண்ணாடியை வைத்தால் சரியாகும். ஆனால் படத்தின் தரம் கெடும். கேனன் அத்தகைய இணைப்பு ஒன்றைச் சில தொலை வில்லைகளுக்கு மட்டும் செய்ததோடு நிறுத்திக்கொண்டது. இரண்டு மில்லிமீட்டர் என்பது ஒரு காசின் கனம். அந்தக் கனத்தில் உலகெங்கும் எத்தனையோ பேரின் முதலீடு சிக்கிக்கொண்டது.

தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் இது தொழில்நுட்பச் செய்தி. ஈப்போவிலோ அது வந்த வேளை பொல்லாதது. 1985 செப்டம்பர் 22ஆம் நாள் நியூயார்க்கின் பிளாசா விடுதியில் ஐந்து நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடி யென்னின் மதிப்பை உயர்த்த முடிவு செய்தனர். டாலருக்கு ஏறத்தாழ 240 யென் என்றிருந்தது 1988 தொடக்கத்தில் 130க்கும் கீழே இறங்கியது. மலேசிய ரிங்கிட் டாலரோடு அவ்வாறு உயரவில்லை. எனவே ஜப்பானில் விலை மாறாத ஒரு காமிரா கூட, யென் கணக்கில் நமக்கு ஏறத்தாழ இருமடங்கு விலையாயிற்று. அடுத்த மாதம், அக்டோபர் 24ஆம் நாள், அனைத்துலக ஈய மன்றம் பணமின்றிக் கைவிரிக்க, இலண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது. ஈயத்தின் விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஈயத்தால் எழுந்த ஊர் ஈப்போ. அதன் கடைத்தெரு, திரையரங்கு, திருமண மண்டபம் யாவும் அதன் வரும்படியில் நடந்தவை. தோட்டங்களிலும் பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டு வந்த காலம் அது. வேலைக்கு ஆள் குறைய, குடும்பங்கள் நகரோரங்களுக்குப் பெயர்ந்தன.

இப்போது ஈப்போவில் எஃப்டி வில்லைகள் நான்கும் ஏஇ-1 காமிரா இரண்டும் வைத்திருந்த திருமணப் புகைப்படக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நான் கற்பனை செய்யும் மனிதர்தாம் அவர். ஆனால் அவர் முன் நின்ற கணக்கு கற்பனையன்று. அவரிடம் படமெடுப்போரின் கை சுருங்கியிருக்கிறது. அவர் வாங்க வேண்டியதன் விலை ஏறியிருக்கிறது. அவர் விற்க வேண்டியதன் விலை, அதன் நிறுவனமே அதைக் கைவிட்டதால், இறங்கியிருக்கிறது. கேனனிலேயே தொடர்வதற்கும் நிக்கானுக்குப் போவதற்கும் அவருக்கு ஒரே செலவு. ஏனெனில் இரண்டிலும் எல்லாவற்றையும் புதிதாக வாங்கியாக வேண்டும். ஒரு நிறுவனத்திடம் பற்றுக் கொண்டிருந்ததற்கு அவர் பெற்ற ஊதியம் ஏதுமில்லை. பக்கத்துக் கடையில் நிக்கான் வைத்திருந்தவரோ பழைய வில்லைகளோடு ஒரு காமிராவை மட்டும் பின்னர், கை ஓயும்போது, மாற்றிக்கொள்ளலாம்.

இதனால் நிக்கான் அறவழி நின்றது, கேனன் வஞ்சித்தது என்று தீர்ப்புக் கூற நான் துணியேன். நிக்கானின் வளையத்துக்கு உள்விட்டம் 44 மி.மீ.; கேனனின் புதிய வளையத்துக்கு 54 மி.மீ. அகன்ற வாயும் வில்லைக்குள் மோட்டாரும் வேகத்தைத் தந்தன. 1990களில் விளையாட்டுத் திடல்களின் ஓரத்தில் கேனனின் வெள்ளை நிறத் தொலை வில்லைகள் வரிசையாக நின்றதற்கு அதுவே காரணம். நிக்கான் தானும் வில்லைக்குள் மோட்டார் வைக்கும் முறைக்கு அந்தப் பத்தாண்டில் வர நேர்ந்தது. பழையதைக் காப்பாற்றியவர் வேகத்தில் பின்தங்கினார். பழையதை வெட்டியவர் முந்தினார். ஆனால் அந்த வெட்டின் செலவை ஏற்றது நிறுவனம் அன்று, வாடிக்கையாளரே. திடலில் நின்ற செய்தித்தாள் புகைப்படக்காரருக்குக் கருவி வாங்கித் தந்தது பெரும்பாலும் நிறுவனப் பணம். திருமணப் புகைப்படக்காரர் தந்தது தம் வீட்டுப் பணம்.

முதலில் முந்திய மினோல்டாவின் முடிவும் எண்ணத்தக்கது. தானியங்கிக் குவிய உரிமை பற்றி அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் தொடுத்த வழக்கில் 1992இல் பன்னிரண்டு கோடி எழுபத்தைந்து இலட்சம் டாலர் கொடுத்தது. 2003இல் கோனிக்காவோடு இணைந்தது. 2006இல் காமிராத் தொழிலையே விட்டு, தன் வளையத்தைச் சோனியிடம் ஒப்படைத்தது. இதற்கிடையே படச்சுருளே மறைந்து எண்முறைப் படம் வந்துவிட்டது. 2012இல் கோடாக் நொடித்ததைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். நான் அதை விட்டுவிடுகிறேன்.

2018இல் நிக்கானும் கேனனும் சில வார இடைவெளியில் ஒன்றைச் செய்தன. காமிராவுக்குள் இருந்த கண்ணாடியை நீக்கின. கண்ணாடிக்கென விட்ட இடமும் நீங்கியது. ஐம்பத்தொன்பது ஆண்டுகள் தன் வளையத்தைக் காத்த நிக்கானும் அவ்வாண்டில் புதிய வளையத்துக்கு மாறிற்று. இதில் எதிர்பாராத விளைவு ஒன்று உண்டு. கேனனின் புதிய காமிராவில் வளையத்துக்கும் ஒளியுணரிக்கும் இடையே 20 மி.மீ. மட்டுமே. எஃப்டி வில்லைக்கு வேண்டியதோ 42 மி.மீ. எஞ்சிய 22 மி.மீ.க்குக் கண்ணாடி எதுவுமில்லாத வெற்றுக் குழாய் ஒன்று போதும். 1987இல் இரண்டு மில்லிமீட்டரால் செத்துப்போன வில்லை, தொலைவிலுள்ள மலையை மீண்டும் கூர்மையாகக் காட்டத் தொடங்கிவிட்டது. நிக்கான் காமிராவிலும் சோனி காமிராவிலும் கூட அது அவ்வாறே பூட்டிக்கொள்கிறது. பழைய வில்லைகளை இளைஞர்கள் தேடி வாங்குகின்றனர். விரலால் திருப்பிக் குவியம் வைக்கின்றனர். அந்த வில்லைகள் முதலில் படமெடுத்த தோட்டத்துத் திருமணங்கள் நடந்த இடங்களுள் பல இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புத் திட்டமாகவும் மாறிவிட்டன. அக்காலத்து நெகடிவுகள் யாரிடம் உள்ளனவோ அவர்கள் அவற்றைப் புழுக்கத்திலிருந்தும் பூஞ்சையிலிருந்தும் காத்து, எழுத்தும் ஆண்டும் குறித்து வைப்பார்களாக. அவற்றைப் பார்ப்பதற்குப் பூட்டு வளையம் எதுவும் தேவையில்லை. பகல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே முகம் தெரியும்.